கேட்கலாமா?

சென்ற வாரம் ஒரு மாலை நேரம். விசைத்தறித் தொழிலாளத் தோழர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது ஆண்டுகளாகக் கொடி பிடித்தவர். மாநாடு என்றால் இரவு பகல் பாராமல் பந்தற்கால் நட்டவர். கையிலிருந்த கைபேசியைத் திறந்து நம்மிடம் நீட்டினார். "இதைப் பாருங்கள், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தோம். ஒரு தொழிற்சாலை அனுப்பிய அழைப்பு அது. பாலிடெக்னிக்கில் மின்னியல் பட்டயம் முடித்த அவருடைய மகளை நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை மாலையில் செய்தி வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் 'வருகிறேன்' என்று பதில் எழுத வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் நிற்க வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே கைபேசி. அது தகப்பனாரின் சட்டைப் பையில், தறிக்கூடத்துச் சுவர் ஆணியில், இரவு ஷிப்ட் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. செய்தியைக் கண்டது ஞாயிற்றுக்கிழமை.

"நாள் தவறிவிட்டது, சரி. வேறொரு நாள் தரும்படி கேட்டு எழுதினாயா, அம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டோம்.

அவள் தகப்பனாரைப் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்தாள். "கேட்கலாமா?" என்றாள்.

தோழர்களே! அந்த ஒரு சொல் நம்மை உலுக்கிவிட்டது. பட்டயம் பெற்றவள், மின்சுற்றுப் படம் வரையத் தெரிந்தவள், கணிப்பொறியில் வேலை செய்யத் தெரிந்தவள். அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: கேட்கலாம் என்பது! அதை அவளுக்கு எந்தப் பள்ளியும் கற்றுத்தரவில்லை. பள்ளி கற்றுத்தராததைக் கற்றுத்தரத்தானே இயக்கம் இருக்கிறது? நாம் கற்றுத்தந்தோமா?

'கேட்கலாமா' என்ற அச்சம் அந்தப் பெண்ணுடன் பிறந்ததல்ல. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுத் திண்ணையில் குந்தியிருக்கும் பழைய விருந்தாளி அது. ஆலை வாசலில் மேஸ்திரி கைகாட்டியவனுக்கு வேலை, காட்டாதவனுக்குப் பட்டினி என்ற காலம் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் காட்டுக்கும் கங்காணி பிடித்துக்கொண்டு போன ஆள்தான் கூலி. அவனுக்கு அழைப்புக் கடிதம் ஏது, பதில் ஏது? ஆலைகளில் ஆள் சேர்க்கும் அதிகாரம் மேஸ்திரியின் கையில் கிடப்பதால் லஞ்சம் மலிந்திருக்கிறது என்று, 1931ஆம் ஆண்டு அறிக்கை தந்த வெள்ளைக்காரன் தொழிலாளர் கமிஷனே எழுதிவைத்தது. வேலை என்பது கொடுப்பவன் போடும் பிச்சை, வாங்குபவன் கைகட்டி நிற்க வேண்டும் என்பதுதான் அந்நாளைய சட்டம். எழுதப்படாத சட்டம்; ஆனால் எழுதிய சட்டங்களைவிடக் கெட்டியான சட்டம்!

அந்தக் கைகளை அவிழ்த்துவிட எத்தனை பாடுபட்டோம்! நீதிக்கட்சி ஆட்சியில், 1921ஆம் ஆண்டு, அரசுப் பணிகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் வேண்டும் என்ற ஆணை பிறந்தது. ஆணை பிறந்தும் அது ஏட்டிலேயே உறங்கிற்று. அமைச்சராயிருந்த முத்தையா முதலியார் 1928இல் அதைத் தட்டி எழுப்பி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1929இல் சென்னை மாகாணத்தில் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களிலேயே அதுதான் முதலாவது. 'யாருடைய பிள்ளை நீ?' என்ற கேள்வி போய், 'என்ன தேறியிருக்கிறாய்?' என்ற கேள்வி வருவதற்கு இட்ட அடிக்கல் அது.

1951ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். வகுப்புவாரி உரிமையை உச்சநீதிமன்றம் செல்லாது என்று கூறிய வழக்கில், மனுச் செய்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை! விண்ணப்பம் போடாதவருக்கு உச்சநீதிமன்றம் வரை போய்க் கேட்கும் துணிவு இருந்தது. பெரியார் கிளர்ச்சிக் கொடி தூக்கினார். நாடு கொதித்தது. அதே ஆண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. ஆனால் இன்று? விண்ணப்பம் போட்டு, அழைப்பும் வந்து, அது கையில் இருக்கும்போது, நம் வீட்டுப் பெண் 'கேட்கலாமா?' என்கிறாள். உரிமையை வாங்கித் தந்த நாம், அதைக் கையாளும் பழக்கத்தை வாங்கித் தரவில்லை. இதுதான் நம் குறை. இதை மறைப்பதற்கில்லை.

"நேர்காணலே ஒரு கண்கட்டு வித்தை, அதற்கு ஏன் இத்தனை மரியாதை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எழுத்துத் தேர்வில் மறைக்க முடியாததை நேர்காணல் அறைக்குள் மறைக்கலாம் என்பது நாடறிந்த உண்மை. கல்லூரிச் சேர்க்கை வழக்கொன்றில் 1981இல் தீர்ப்புச் சொன்ன உச்சநீதிமன்றம், வாய்மொழித் தேர்வுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் மதிப்பெண் வைப்பது தகாது என்றது. இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு ஒருவனை எடைபோடும் கூத்தையும் கண்டித்தது. அரியானா அரசுப் பணி வழக்கில், 1985இல், நூற்றுக்கு 12.2 போதும் என்றது. 2016ஆம் ஆண்டு சனவரி முதல் ஒன்றிய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலே இல்லை என்று ஆக்கியிருக்கிறார்கள். யார் செய்தால் என்ன, நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அரசு வேலை கிடைத்துவிடும்? பெரும்பாலோர் போகும் இடம் தனியார் ஆலை, தனியார் கடை, தனியார் அலுவலகம். அங்கே எழுத்துத் தேர்வு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நேர்காணல் இல்லாமல் இருக்காது. அங்கே இடஒதுக்கீடும் இல்லை. வாசலில் நிற்பவனுக்குத் துணை, அவனுடைய கல்வியும் அவன் எழுதும் நாலு வரியும் மட்டுமே. அந்த நாலு வரியை எழுதுவது எப்படி என்று தலையங்கத்தில் எழுதுவதற்கு நாம் வெட்கப்படவில்லை. தத்துவம் பேசுகிற ஏடு, கடிதம் எழுதவும் கற்றுத்தர வேண்டியதுதான்.

முதலாவது: அழைப்பை முழுவதும் படியுங்கள். அழைப்பவர் யார், என்ன வேலை, எந்த நாள், எந்த இடம், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். இல்லாததைக் கேட்டு எழுத வேண்டும். தபால்காரர் மணியடித்துக் கொடுத்த காலம் போய்விட்டது. இன்று அழைப்பு கைபேசியில் ஓசையில்லாமல் வந்து, பல நேரங்களில் மின்னஞ்சலின் 'ஸ்பேம்' என்ற குப்பைக்கூடையில் விழுந்து கிடக்கிறது. வேலைக்கு மனுப் போட்ட வீட்டில், காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அந்தக் குப்பைக்கூடையையும் கிளறிப் பார்ப்பது கடமை.

இரண்டாவது: வந்த அன்றே பதில் எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். "ஐயா, தங்கள் அழைப்பு இன்று கிடைத்தது, நன்றி. குறித்த நாளில், குறித்த நேரத்தில் வருகிறேன். வேலை நிரந்தரமானதா, ஒப்பந்த முறையிலா என்பதையும், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் எவை என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்." இவ்வளவுதான்! பெயர், விண்ணப்ப எண், கைபேசி எண் ஆகியவற்றைக் கீழே எழுதினால் தீர்ந்தது.

'நிரந்தரமா, ஒப்பந்தமா?' என்று கேட்டால் முதலாளி கோபித்துக்கொள்வாரே என்று அஞ்சவேண்டாம். பெரிய ஆலையின் பெயரைப் பார்த்துப் போய், சேர்ந்த பிறகே தன் பெயர் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஏட்டில் ஏறியிருப்பதை அறிந்து தலையில் கைவைத்த இளைஞர்களை நாம் அறிவோம். நாலணாக் கத்தரிக்காய் வாங்கினாலும் புரட்டிப் பார்த்து வாங்குகிற நம் தாய்மார்கள் பெற்ற பிள்ளைகள், தம் உழைப்பையே விற்கப் போகும்போது கேள்வி கேட்கக் கூடாதா?

மூன்றாவது: குறித்த நாளில் போக முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். காய்ச்சல் வரும், சாவு விழும், அதே நாளில் வேறு தேர்வு இருக்கும். நாள்கூலிக்குப் போகிறவன் ஒரு நாள் போனால் அன்றைய அடுப்பு எரியாது. "இன்ன காரணத்தால் அன்று வர இயலவில்லை, அடுத்த வாரம் ஒரு நாள் அளிக்க வேண்டுகிறேன்" என்று எழுதுவது கெஞ்சல் அல்ல. கொடுத்தால் கொடுக்கட்டும். மறுத்தால், எழுதாமல் இருந்தால் இழப்பதைத்தானே இழப்போம்? போவதில்லை என்று முடிவு செய்தாலும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அந்த இடத்துக்கு நம்மைப் போலவே இன்னொரு ஏழை வீட்டுப் பிள்ளை காத்திருக்கும்.

நான்காவது: பணம் கேட்கும் அழைப்பை நம்பாதீர்கள். தேர்வாணையத்தின் தேர்வுக் கட்டணம் வேறு. அது விளம்பரத்திலேயே அச்சாகி இருக்கும். 'நேர்காணலுக்கு முன்பணம் கட்டு, சீருடைக்குக் கட்டு, பயிற்சிக்குக் கட்டு' என்று கைபேசியில் வரும் குரல் மோசடிக்காரனின் குரல். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். பெண்பிள்ளைகளை அலுவலகத்தை விட்டுவிட்டு லாட்ஜ் அறைக்கு வரச் சொன்னால், அந்த அழைப்பு யாரிடமிருந்து வந்ததாயினும் போக வேண்டியதில்லை.

வெளிநாட்டு வேலையென்றால் இன்னும் பத்து மடங்கு எச்சரிக்கை வேண்டும். 2022ஆம் ஆண்டு நடந்ததை மறக்க முடியுமா? தாய்லாந்தில் கணினி வேலை என்று நேர்காணல் நடத்தி, ஆணை கொடுத்து, அழைத்துச் சென்ற தமிழ் இளைஞர்களை எல்லை கடத்தி மியான்மரில் அடைத்தார்கள். இணையவழி மோசடி வேலையைச் செய்யச் சொல்லி அடித்தார்கள். மீண்டு வந்தவர்கள் சொன்ன கதை கல்லையும் கரைத்தது. பதிவு பெறாத முகவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாடு அரசே 1978ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. அங்கே போய் விசாரிக்கக் கால்வலித்து, தெருமுனைத் தரகனிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கலாமா?

வேலை கேட்பவர்களுக்கு இவ்வளவு சொன்னோம். வேலை கொடுப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வியாழன் மாலை அழைத்துச் சனி காலை நிற்கச் சொல்வது என்ன நியாயம்? நாள் வைத்துக் கல்யாணத்துக்கு அழைப்பதற்கே ஊரார் அவகாசம் கேட்கிறார்கள். நேர்காணலுக்கு ஒரு வாரமாவது அவகாசம் தரக் கூடாதா? வெளியூரிலிருந்து கடன் வாங்கிப் பேருந்து ஏறி வருகிறவனுக்கு வழிச்செலவு தரக் கூடாதா? இரயில்வே தேர்வுக்குப் போகும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி இளைஞர்களுக்கு இலவசப் பயணச்சீட்டு தருகிறார்கள். அரசு கொள்கையாக ஏற்றதை ஆலை முதலாளி ஒரு நாள் கருணையாகவேனும் செய்யலாமே! அழைப்பைத் தமிழிலும் எழுதினால் என்ன குறைந்துவிடும்? வந்து போனவனுக்கு 'எடுத்தோம்' அல்லது 'எடுக்கவில்லை' என்று ஒரு வரி சொல்லவாவது கூடாதா? மாதக்கணக்கில் கைபேசியைப் பார்த்துப் பார்த்து ஏங்கவைப்பது எந்த நாகரிகம்?

ஆட்சியாளர்களுக்கும் நினைவூட்டுகிறோம். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டே சட்டம் வந்தது. பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதற்கு இடம் தந்தார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நில்லாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து ஆள் எடுக்க வேண்டும் என்று 1996இல் உச்சநீதிமன்றம் கூறியது. எல்லாம் எதற்காக? காலியிடம் இருப்பது ஏழைக்கும் தெரியவேண்டும் என்பதற்காக. தெரிவிப்பதோடு கடமை முடிந்துவிடாது. அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் கடமைதான்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேர்காணல் அழைப்பு வந்ததும் நம் தோழர்கள் சிலர் செய்யும் முதல் வேலை என்ன? பதில் எழுதுவதா? இல்லை. சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்கு ஓடுவது! பரிந்துரைக் கடிதம் கேட்டு விடியற்காலையில் வாசலில் நிற்பது! மேஸ்திரியின் கையை வெட்டிய இயக்கத்தில், நம் ஆளே மேஸ்திரியாக வேண்டும் என்ற ஆசை முளைக்கலாமா? பரிந்துரையால் ஒருவன் உள்ளே போனால், அதற்குத் தகுதியிருந்தும் பரிந்துரை இல்லாத நம் தோழனின் பிள்ளை ஒன்று வெளியே நிற்கும். மேல்சாதிக்காரன் செய்தால் சூழ்ச்சி, நாம் செய்தால் உதவியா? இந்தக் கணக்கு நமக்கு வேண்டாம்.

அதற்குப் பதில் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்து கேட்டு வளர்ந்தது இந்த இயக்கம். ஊர்தோறும் படிப்பகம் கண்டது இந்த இயக்கம். அந்தப் படிப்பகங்களில் பல, இன்று தேர்தலுக்குத் தேர்தல் மட்டுமே திறக்கின்றன. அவற்றைத் திறவுங்கள்! மாலையில் ஒரு மணி நேரம், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியோ தங்கையோ அங்கே உட்காரட்டும். வேலைக்கு மனுப் போட்டவர்களின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். வந்த அழைப்பைப் படித்துச் சொல்லட்டும். பதிலை எழுத உதவட்டும். கைபேசி இல்லாத வீட்டுக்குப் படிப்பகத்தின் எண்ணே தொடர்பு எண்ணாக இருக்கட்டும். செய்தி வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொல்லட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறார்கள் என்பதையும், பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பலகையில் எழுதிவைக்கட்டும். என்ன கட்சி என்று கேட்காமல், எவர் வந்தாலும் எழுதிக் கொடுக்கட்டும். காலணாக் காசு வாங்கக் கூடாது. இதற்கு மாநாட்டுத் தீர்மானம் வேண்டாம், மேலிடத்து ஆணை வேண்டாம். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மனம் போதும்.

கக்கத்தில் இடுக்கிய துண்டைத் தோளில் போடச் சொன்ன இயக்கம் நம்முடையது. 1967இல் அமைந்த அண்ணாவின் ஆட்சி, 'ஸ்ரீ' போய் 'திரு' வரவேண்டும் என்று ஆணையிட்டது. வெறும் எழுத்து மாற்றமா அது? எழுதுகிறவனின் முதுகெலும்பை நிமிர்த்திய மாற்றம். அந்த நிமிர்வு மேடையில் இருந்தால் மட்டும் போதாது. வேலை கேட்டு எழுதும் கடிதத்திலும் இருக்க வேண்டும். பணிவாக எழுதலாம், பணிந்து எழுத வேண்டியதில்லை. வேலை கொடுப்பவர் கூலி தருகிறார், நாம் உழைப்பைத் தருகிறோம். கடன் இல்லை, தானம் இல்லை, கொடுக்கல் வாங்கல்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிப்போம். அன்று மாலையே, நம் அலுவலக மேசையில் உட்கார்ந்து அவளே எழுதினாள். "தங்கள் அழைப்பை நாள் கடந்தே காண நேர்ந்தது. வீட்டில் ஒரே கைபேசி. அது என் தந்தையுடன் இரவுப் பணியில் இருந்தது. இந்த வேலைக்குரிய படிப்பு என்னிடம் இருக்கிறது. வேறொரு நாள் அளித்தால் தவறாமல் வருவேன்" என்று எழுதினாள். நாம் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது, அவள் தகப்பனார் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். இதை எழுதும் வரை வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். ஆனால் இனி ஓர் அழைப்பு வந்தால் 'கேட்கலாமா?' என்று அவள் கேட்கமாட்டாள்.

நம் ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் அந்தக் கேள்வி இருக்கிறது? தோழர்களே, படிப்பகத்தின் கதவைத் திறவுங்கள்!